ஊட்டியில் இருபது பேர்

சென்னை ஸ்டெல்லா மாரிஸ் காலேஜ் தெரியாதவங்க இந்த இதழைப் படிக்கிறவங்கள்ல யாரும் இருக்க மாட்டீங்க. கல்ச்சுரல்ஸுக்காவது ஒரு தடவை போயிருப்பீங்க. அந்தக் கல்லூரி 1947 ஆகஸ்ட் 15 அன்று, நாடு சுதந்திரம் அடைஞ்ச அதே நாளில், சாந்தோமில் ஒரு சின்னக் கட்டடத்தில் தொடங்கப்பட்டது. நடத்துறவங்க எஃப்.எம்.எம். சகோதரிகள், அதாவது மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்பு சகோதரிகள். இத்தாலி, பிரான்ஸ், சீனா, ஜப்பான், கனடா, ஆப்பிரிக்கா என்று பல நாடுகளில் பரவியிருக்கும் ஒரு பெரிய கத்தோலிக்கப் பெண் துறவியர் சபை அது. இப்படி ஒரு சபை எங்க ஆரம்பிச்சிருக்கும்னு கேட்டா ரோம், பாரிஸ்னு சொல்லுவீங்க. ஆரம்பிச்சது நம்ம ஊட்டியில. அதுவும் ஒரு பெரிய சண்டைக்கு அப்புறம், போக இடமில்லாம மலை ஏறி வந்த இருபது பெண்களால.

அந்த இருபது பேருக்கும் தலைவியாக இருந்தவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சபையில் அவர் பெயர் மேரி ஆஃப் த பேஷன். தமிழில் திருப்பாடுகளின் மரியாள் என்று சொல்லலாம். வீட்டில் வைத்த பெயர் எலேன் டி ஷப்போத்தேன். படிக்கிற வசதிக்காக எலேன் என்றே எழுதுகிறேன்.

எலேன் பிறந்தது 1839 மே 21, பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள நாந்த் நகரத்தில். பிரபுக் குடும்பம். பணத்துக்கும் மரியாதைக்கும் குறைவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு வழிதான்: நல்ல இடத்தில் கல்யாணம், இல்லையென்றால் கன்னியர் மடம். 1856இல், பதினாறு பதினேழு வயதில், ஒரு தியானக் கூட்டத்தில் கலந்துகொண்டபோது மடத்துக்குப் போவது என்று எலேன் முடிவு செய்துவிட்டார். ஆனால் அம்மா எதிர்பாராமல் இறந்துபோனார். வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. முடிவை நிறைவேற்ற நான்கு வருடங்களுக்கு மேல் ஆனது.

1860 டிசம்பரில் நாந்த் நகரத்து ஏழை கிளாரா மடத்தில் சேர்ந்தார். புனித பிரான்சிஸ் அசிசியின் வழியில் வந்த சபை அது. பட்டினி, மௌனம், வெறுங்கால், விடிவதற்கு முன்னால் எழுந்து ஜெபம் என்று ரொம்பக் கடுமையான வாழ்க்கை. எலேனுக்கு அது பிடித்திருந்தது, உடம்புக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. 1861 ஜனவரி 23 அன்று தன்னைத் திருச்சபைக்காக முழுவதுமாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆழமான அனுபவம் தனக்குக் கிடைத்ததாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். அதற்குக் கொஞ்ச நாளிலேயே நோய் முற்றி, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. ஆசைப்பட்ட இடத்தில் அட்மிஷன் கிடைச்சு, முதல் செமஸ்டரே முடிக்காம உடம்பு சரியில்லன்னு ஊருக்கு வந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும்.

குணமான பிறகு 1864இல் துலூஸ் நகரத்தில் மரி ரெபரட்ரிஸ் என்ற சபையில் சேர்ந்தார். இது அப்போது புது சபை. எமிலி தூல்த்ரமோன் என்ற பெல்ஜியம் நாட்டுப் பிரபுவம்சப் பெண், கணவனை இழந்து, நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தொடங்கியது. (அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வேறு யாராவது எழுதுங்கப்பா.) 1864 ஆகஸ்ட் 15 அன்று எலேன் துறவு உடை அணிந்தார். மேரி ஆஃப் த பேஷன் என்ற பெயர் அன்று கிடைத்தது.

அடுத்த மார்ச் மாதமே, பயிற்சி முடிவதற்கு முன்னால், கப்பல் ஏறச் சொல்லிவிட்டார்கள். போக வேண்டிய இடம் மதுரை.

இங்கே ஒரு நிமிஷம் நின்னு அந்தக் கால வரைபடத்தைப் பாருங்க. 1865இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவில்லை. அது 1869இல்தான். மத்தியதரைக் கடலைத் தாண்டி எகிப்தில் இறங்கி, தரை வழியாகச் செங்கடலுக்குப் போய், மறுபடி கப்பல் பிடிப்பதுதான் வேகமான வழி. தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் கதை முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரைக்கும் 1862இல் ரயில் வந்துவிட்டது. மதுரைக்கு ரயில் வர 1875 ஆனது. மிச்ச தூரம் மாட்டு வண்டிதான். இருபத்தஞ்சு வயது, பிரபு வீட்டுப் பெண், ஏற்கெனவே ஒரு தடவை உடம்பு உடைந்துபோனவர், இன்னும் முதல் வாக்குறுதிகூட எடுக்காதவர். நம்ம ஆளுங்க பெங்களூருக்கு ஆஃபர் லெட்டர் வந்தாலே நாலு நாள் யோசிக்கிறோம்!

மதுரை மறைபரப்புத் தளம் அப்போது பிரெஞ்சு இயேசு சபையினர் கையில் இருந்தது. திருச்சி, மதுரை, தூத்துக்குடி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆயர் அலெக்சிஸ் கானோஸ் திருச்சியில் இருந்தார். பாதிரியார்களால் அணுக முடியாத ஓர் உலகம் அங்கே இருந்தது: பெண்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களிடம் ஆண் துறவி போய்ப் பேச முடியாது. விதவைகள், அநாதைப் பெண் பிள்ளைகள், நோயாளிப் பெண்கள் எல்லாரையும் பார்க்கப் பெண்கள்தான் வேண்டும். அதற்காகத்தான் ரெபரட்ரிஸ் சகோதரிகளை அழைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த முக்கியமான பொறுப்புகளில் ஒன்று, தமிழ்ப் பெண்களைக் கொண்ட உள்ளூர் துறவியர் சபைக்குப் பயிற்சி கொடுப்பது.

தமிழ்ப் பெண்கள் துறவிகளாவது அப்போது புதுசும் இல்லை. அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே, 1844இல், புதுச்சேரியில் துப்புய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பெண் குழந்தைகளின் படிப்புக்காக ஒரு சபையைத் தொடங்கியிருந்தார். அதில் சேர்ந்தவர்கள் இந்த மண்ணின் பெண்கள். நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். எங்க ஊர் அப்போ தென்னார்க்காட்டில் இருந்தது, திருச்சபைக் கணக்கில் இன்றைக்கும் புதுச்சேரி-கடலூர் மறைமாவட்டத்தோடுதான் சேர்ந்திருக்கிறது. அதனால் எங்க பக்கத்துல கன்னியர் மடம், சிஸ்டர்ஸ் நடத்துற பள்ளிக்கூடம் என்றால் அதன் வேர் 1844 புதுச்சேரிக்குப் போகும். எலேன் கதை வேற கிளை. ஆனா ரெண்டுக்கும் கேள்வி ஒண்ணுதான்: பெண்களுக்குப் படிப்பு, மருந்து, ஒரு கைத்தொழில் இதையெல்லாம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

1866 மே 3 அன்று எலேன் முதல் வாக்குறுதி எடுத்தார். சீக்கிரமே மடத்துத் தலைவியானார். 1867 ஜூலையில் திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்று மூன்று மடங்களுக்கும் சேர்த்து மாநிலத் தலைவி. வயது 28. வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்குக் கீழே இருந்தவர்களில் அவரைவிட மூத்தவர்களும் உண்டு. அப்போதே மடங்களுக்குள் மனஸ்தாபங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதைத் தணித்து, வேலையை ஒழுங்குக்குக் கொண்டுவருவார் என்று நம்பித்தான் அந்தச் சின்ன வயதில் அவரை உட்கார வைத்தார்கள். சில வருடங்கள் அது நடக்கவும் செய்தது.

1874இல் ஊட்டியில் ஒரு புது இல்லம் தொடங்கினார். இது ஏன் முக்கியம் என்று இப்போது தெரியாது, இரண்டு வருடம் கழித்துத் தெரியும். ஊட்டி மதுரைத் தளத்தின் எல்லைக்குள் வராது. அது கோயம்புத்தூர் ஆயரின் பகுதி. அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் இயேசு சபையினர் அல்ல, பாரிஸ் வேதபோதக சபையினர். ஆயர் ஜோசப் பர்தூ.

ஏழைகளுக்குச் சேவை செய்ய வந்தவங்க, வெள்ளைக்கார துரைங்க வெயிலுக்கு ஓடி வர்ற ஊட்டிக்கு ஏன் போனாங்கன்னு நீங்க கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. மதுரை வெயிலும் காய்ச்சலும் ஐரோப்பியச் சகோதரிகளைப் படுக்கையில் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. மலைக்காற்று அவர்களுக்கு மருந்து. அதோடு, அன்றைய ஊட்டி வெறும் துரைமார் பங்களா மட்டும் இல்லை. அந்த பங்களாக்களைக் கட்டியவர்கள், தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு மலை ஏறி வந்த கூலிகள், சமையல்காரர்கள், ஆயாக்கள், அவங்க பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

எங்க கல்வராயன் மலையையும் நீலகிரியையும் நான் அடிக்கடி ஒப்பிட்டுப் பார்ப்பேன். ரெண்டும் தமிழ்நாட்டு மலைதான். சென்னை ராஜதானியின் கோடைத் தலைநகரம் என்பதால் நீலகிரிக்கு ரோடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பின்னால் பல்சக்கர ரயிலும் வந்தது. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும். கல்வராயன் மலையில் துரைமாருக்கு வேலை இல்லை. அங்கே இருந்த மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளா மலையாளி இல்லைங்க, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்லும் தமிழ் பேசுபவர்கள்) ஜாகீர்தார்களின் கீழே இருந்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழிச்சு, 1976இல்தான் ஜாகீர் முறை அங்கே முடிவுக்கு வந்தது. ஒரு மிஷனரி எங்கே போய்ச் சேர முடியும் என்பதை அவருடைய மனசு மட்டும் தீர்மானிப்பதில்லை. ரோடு எங்கே போகிறதோ, எந்த ஆயரின் எல்லை எங்கே முடிகிறதோ, அதுவும் தீர்மானிக்கும். எலேன் வாழ்க்கையைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

சரி, 1876க்கு வருவோம்.

மதுரையில் அடங்கியிருந்த மனஸ்தாபம் மறுபடி கிளம்பியது. இந்த முறை பெரிதாக. சபையின் தலைமை ஐரோப்பாவில், சகோதரிகள் தென் தமிழ்நாட்டில், நடுவில் அந்தத் தளத்தை நிர்வகிக்கும் பாதிரியார்கள். யார் சொல்வதை யார் கேட்பது? ஒரு கடிதம் போய் பதில் வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நீங்க அனுப்பின விளக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள உங்களைப் பத்தி வேற ஒருத்தர் அனுப்பின புகார் போய்ச் சேர்ந்திருக்கும். இதில் யார் பக்கம் நியாயம் என்று ஒரு வரியில் தீர்ப்பு சொல்வது சரியில்லை. இரண்டு பக்கமும் பக்தியான, நேர்மையான மனிதர்கள் இருந்தார்கள். எலேன் வெளியேறிய சபையைத் தொடங்கிய எமிலிக்கும், வெளியேறிய எலேனுக்கும் பிற்காலத்தில் அதே திருச்சபை அருளாளர் பட்டம் கொடுத்தது. எமிலிக்கு 1997இல், எலேனுக்கு 2002இல். இதைவிடச் சரியா அந்தச் சண்டையைப் பத்தி வேற எதுவும் சொல்ல முடியாதுன்னு நினைக்கிறேன்.

முடிவில் எலேனையும் சேர்த்து இருபது சகோதரிகள் ரெபரட்ரிஸ் சபையை விட்டு வெளியேறினார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம காலத்துல இருந்து பார்த்தா புரியாது. வேலையை ரிசைன் பண்ற மாதிரி இல்லை. துறவிக்குச் சொந்தமாக ஒரு பைசா கிடையாது. சபைதான் வீடு, சோறு, குடும்பம், அடையாளம் எல்லாம். சபையை விட்டால் அவர் யார்? சகோதரியா, இல்லையா? கட்டியிருக்கும் உடைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். சொந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பதினோரு வருடம் உழைத்த இடத்தை விட்டு, கெட்ட பெயரோடு கிளம்ப வேண்டும். எலேன் மட்டும் போயிருந்தால் அது ஒருத்தரின் பிடிவாதம் என்று முடிந்திருக்கும். கூடவே பத்தொன்பது பேர் வந்தார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

எல்லாரும் போய்ச் சேர்ந்த இடம் ஊட்டி இல்லம். ஆயர் பர்தூ அவர்களை ஏற்றுக்கொண்டார். மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில் 1873இலேயே வந்திருந்தது. அதற்கு மேலே வண்டியிலும் மலைப்பாதையிலும்தான் ஏற வேண்டும். அதே வருடம் கீழே சமவெளியில் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அது. லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். சேலம், தென்னார்க்காடு என்று எங்க பக்கமெல்லாம் அடி வாங்கியது. தாது வருஷப் பஞ்சம்னு எங்க ஊர்ல வயசானவங்க இன்னும் ஒரு வார்த்தையா சொல்லுவாங்க. உணவுக்காக ஊர் ஊராக மக்கள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், இந்த இருபது பேர் தங்களுக்கு ஒரு பெயரும் இல்லாமல் மலை மேலே உட்கார்ந்திருந்தார்கள்.

1876 நவம்பரில் எலேன் ரோமுக்குக் கிளம்பினார். இந்த முறை சூயஸ் திறந்திருந்தது. போய்ப் பார்த்தது ஒன்பதாம் பத்திநாதர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் போப் பயஸ். வயது 84. ஆறு வருடம் முன்பு, 1870இல், தன் ஆட்சிப் பகுதிகளை எல்லாம் இத்தாலிய அரசிடம் இழந்து வாடிகனுக்குள் முடங்கியிருந்தவர். அந்த முதியவர் முன்னால் நின்றவருக்கு வயது 37. ஒரு சபையை விட்டு இப்போதுதான் வந்தவர், கேட்டது புதுசாக ஒரு சபை.

1877 ஜனவரி 6 அன்று அனுமதி கிடைத்தது. மூன்று ராஜாக்கள் திருநாள். வாடிகன் வேகத்துக்கு இரண்டு மாதம் என்பது மின்னல்! புதுச் சபையின் பெயர் மரியாவின் மறைபரப்பாளர்கள். அந்தப் பெயரிலேயே ஒரு புதுமை இருந்தது. அதுவரைக்கும் மறைபரப்பு என்றால் ஆண்கள் போவார்கள், பெண்கள் துணைக்குப் போவார்கள். ஒரு பெண்கள் சபை மறைபரப்பு ஒன்றையே காரணமாக வைத்து, உலகத்தின் எந்த மூலைக்கும் போகத் தயார் என்று பிறப்பது அப்போது அரிது.

எங்கே புது ஆள் எடுப்பது? ரோம் சொன்ன யோசனைப்படி பிரான்சின் பிரிட்டனி பகுதியில் சேன்-ப்ரியே என்ற ஊரில் பயிற்சி இல்லம் தொடங்கினார். பெண்கள் வர ஆரம்பித்தார்கள், நிறைய. அந்த இல்லம் லே ஷாத்தலே என்று பேர் பெற்றது. கன்னியர் மடம் என்றால் ஜெபமும் மௌனமும் மட்டும் என்று நினைத்தவர்களுக்கு இவங்க மடங்கள் ஆச்சரியமா இருந்திருக்கும். தையல், எம்பிராய்டரி, திரைச்சீலை நெசவு என்று பட்டறைகள் ஓடின. பின்னாளில் பாரிஸ் பக்கத்தில் வான்வ் என்ற ஊரில் சொந்த அச்சகம். வருமானத்துக்கு வழியும் ஆச்சு, கைத்தொழில் தெரியாத ஏழைப் பெண்களுக்குப் பிழைப்பும் ஆச்சு. ஒரு பெண்ணின் கையில் தொழில் இருந்தால்தான் அவளுக்கு மரியாதையான வாழ்க்கை என்பதில் எலேன் பிடிவாதமாக இருந்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். ஜெபிக்கச் சொல்லிவிட்டுப் போகவில்லை, ஊசி நூலும் கொடுத்தார்.

1882இல் ரோமில் ஒரு இல்லம் தொடங்க அனுமதி வந்தது. அதே வருடம் அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாளில், ரோமின் ஆராசேலி ஆலயத்தில் எலேன் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் முன்னால் நாந்த் நகரத்து ஏழை கிளாரா மடத்தில் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் விட்டுவந்த பிரான்சிஸ், சுற்றி வளைத்து மறுபடி கிடைத்தார். சபையின் பெயரில் பிரான்சிஸ்கன் என்ற சொல் சேர்ந்தது இப்படித்தான்.

எல்லாம் நல்லபடியா போகுதுன்னு நினைக்கும்போது அடுத்த இடி. 1883 மார்ச்சில், தான் தொடங்கிய சபையின் தலைமைப் பதவியிலிருந்து எலேனை நீக்கிவிட்டார்கள். உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த எதிர்ப்பு அது. பழைய மதுரைச் சண்டையின் நிழல் அவரை விட்டுப் போகவே இல்லை. ஒரு தடவை உடைத்துக்கொண்டு போனவர் என்ற முத்திரை சாமானியத்தில் அழியுமா?

உங்க ப்ராஜெக்ட், உங்க ஐடியா, நீங்க சேர்த்த டீம். ஒரு நாள் காலையில உங்களை க்ரூப்ல இருந்து தூக்கிட்டா என்ன பண்ணுவீங்க? இந்த இடத்தில் 1876 எலேனையும் 1883 எலேனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். முதல் தடவை வெளியேறினார். இந்தத் தடவை அவர் நினைத்திருந்தால் பின்னால் வர ஆட்கள் இருந்தார்கள், முன்னைவிட அதிகமாகவே. ஆனால் சபை உடையவில்லை. எலேன் உள்ளேயே இருந்தார், பதவி இல்லாமல். போப் பதின்மூன்றாம் லியோ விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணையில் அவர் மேல் குற்றம் இல்லை என்று தெளிவானது. 1884 ஜூலையில் சபையின் பொதுக்கூட்டம் அவரையே மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. நடுவில் கழிந்தது பதினாறு மாதம். முதல் தடவை கிளம்பியது தைரியம் என்றால், இரண்டாவது தடவை கிளம்பாமல் இருந்தது அதைவிடக் கஷ்டமான வேலை என்பது என் அபிப்பிராயம். நீங்க மாறுபடலாம்.

அதுக்கப்புறம் சபை வளர்ந்த வேகத்தைச் சொன்னா ஸ்டார்ட்அப் கதை மாதிரி இருக்கும். 1885 ஆகஸ்டில் ரோமின் பாராட்டு ஆணை, பிரான்சிஸ்கன் சபையோடு அதிகாரபூர்வ இணைப்பு. 1886இல் கொழும்பு பொது மருத்துவமனையில் சகோதரிகள் நர்சுகளாக இறங்கினார்கள். அதே ஆண்டில் சீனா. 1892இல் கனடாவின் கியூபெக். 1896இல் சபையின் சட்டதிட்டங்களுக்கு நிரந்தர அங்கீகாரம். 1898இல் ஜப்பானின் குமமோத்தோ.

குமமோத்தோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். அங்கே ஒரு புத்தர் கோயிலைச் சுற்றி, வீட்டை விட்டு விரட்டப்பட்ட தொழுநோயாளிகள் கூட்டமாகக் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் ஆள் கேட்டார். எலேன் ஐந்து சகோதரிகளை அனுப்பினார். தொழுநோய்க்கு உருப்படியான மருந்து வர இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது. அதாவது குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையே இல்லாமல், புண்ணைக் கழுவி, துணி கட்டி, சாகிற வரைக்கும் கூட இருப்பதற்காக மட்டும் போகிறார்கள். போகிறவருக்கும் தொற்றலாம் என்ற பயம் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் உண்டு. இப்படி ஒரு இடத்துக்கு ஐந்து பேர் பெயரைத் தேர்ந்தெடுத்து எழுதுகிற கை எப்படி இருந்திருக்கும்?

அந்தக் கை அடுத்து எழுதிய ஒரு பட்டியல் இன்னும் கனமானது. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஃபோகொல்லா என்ற இத்தாலிய ஆயர் 1898இல் ஐரோப்பா வந்து, தையுவான் நகரத்து அநாதை இல்லத்துக்குச் சகோதரிகள் வேண்டும் என்று கேட்டார். எலேன் சம்மதித்தார். 1899 மே மாதம் ஏழு பேர் தையுவான் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று பேர் பிரான்ஸ், இரண்டு பேர் இத்தாலி, ஒருவர் பெல்ஜியம், ஒருவர் நெதர்லாந்து. தலைவி மேரி எர்மின். இருநூறுக்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகள், ஒரு மருந்தகம். பதினாலு மாதம்தான் வேலை செய்ய முடிந்தது.

1900இல் பாக்சர் கிளர்ச்சி வெடித்தது. அபின் போர்களில் ஆரம்பித்து, மேற்கு நாடுகளும் ஜப்பானும் சீனாவைத் துண்டு துண்டாகப் பங்குபோட்டதில் சேர்ந்த கோபம் அது. அந்தக் கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. அது கொட்டியது அநாதை இல்லம் நடத்தியவர்கள் தலையிலும். 1900 ஜூலை 9 அன்று, மாகாண ஆளுநர் யூஷியன் உத்தரவில், ஆயர்கள், பாதிரியார்கள், சீனக் கிறிஸ்தவர்களோடு அந்த ஏழு சகோதரிகளும் கொல்லப்பட்டார்கள். மிஷனரிகள் துப்பாக்கிக் கப்பல்களின் நிழலில் வந்தார்கள் என்பதும் உண்மை, இந்த ஏழு பேர் கையில் இருந்தது குழந்தைகள்தான் என்பதும் உண்மை. ரெண்டையும் சேர்த்துத்தான் வரலாறு படிக்கணும். நூறு வருடம் கழித்து, 2000 அக்டோபர் 1 அன்று, ரோம் அவர்களுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது சீன அரசு கடுமையாக எதிர்த்தது. அன்றைக்குச் சீனாவின் தேசிய நாள். நூறு வருஷத்துக்கப்புறமும் காயம் ஆறவில்லை.

செய்தி எலேனுக்கு எட்டியபோது அவருக்கு வயது 61. ஏழு பேரையும் அனுப்பியது அவர். இந்த இடத்தில் ஒரு தலைவர் அந்தப் பக்கமே இனி வேண்டாம் என்று முடிவெடுத்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. எலேன் அதே ஷான்சி மாகாணத்துக்கு மறுபடி ஆட்களை அனுப்பினார். 1904இல் கிளம்பியவர்களில் ஒருவர் அசுந்தா பல்லோத்தா, இத்தாலியக் கிராமத்து ஏழைப் பெண். பெரிய படிப்பு கிடையாது. மடத்தில் சமையல், தோட்டம், ஆடு மாடு என்று வேலை பார்த்தவர். சீனா போய்ச் சேர்ந்த அடுத்த வருடமே டைபஸ் காய்ச்சலில், 26 வயதில் இறந்தார். எலேனின் சபையில் அருளாளர் பட்டம் முதலில் பெற்றவர்களில் இவரும் ஒருவர், 1954இல். சபையைத் தொடங்கிய பிரபு வீட்டுப் பெண்ணுக்கு அது கிடைக்க அதற்கு மேல் இன்னும் நாற்பத்தெட்டு வருடம் ஆனது. சமையற்கட்டு முந்திக்கொண்டது!

அசுந்தாவின் மரணம் எலேனுக்குத் தெரியாது. 1904 நவம்பர் 15 அன்று, இத்தாலியின் சான்ரெமோ நகரத்து இல்லத்தில், சில நாள் நோய்க்குப் பிறகு அவர் இறந்தார். வயது 65. ஓயாத ரயில் பயணம், கடிதம், கணக்கு, புது இல்லம், இதுதான் கடைசி இருபது வருடம். அப்போது சபையில் 2,000க்கும் மேற்பட்ட சகோதரிகள், நான்கு கண்டங்களில் 86 இல்லங்கள். 1876இல் ஊட்டியில் இருந்தது இருபது பேர், ஒரு இல்லம். கணக்குப் போட்டுப் பாருங்க, இருபத்தெட்டு வருஷத்தில் நூறு மடங்கு.

1918இல் அவருடைய வாழ்க்கையை ஆராயும் விசாரணை தொடங்கியது. 2002 அக்டோபர் 20 அன்று போப் இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார். உடல் ரோமில், சபையின் தலைமை இல்லத்துச் சிற்றாலயத்தில் இருக்கிறது.

ஊட்டியில் அந்தச் சகோதரிகள் நாசரேத் கான்வென்ட் பள்ளியை இன்றைக்கும் நடத்துகிறார்கள். அடுத்த தடவை ஐ.வி.ன்னு சொல்லிட்டு டிபார்ட்மென்ட்டே ஊட்டிக்கு பஸ் ஏறும்போது, போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன் எல்லாம் முடிச்சுட்டு, எந்த ஆட்டோ அண்ணன்கிட்ட வேணும்னாலும் வழி கேளுங்க. சொல்லிடுவாரு.